ஆவணி பதினேழின் அடிவரி

உங்கள் வீட்டில் காலண்டர் தாளைக் கிழிக்கிறது யார்? எல்லா வீட்டிலும் அதற்கென்று ஒரு கை இருக்கும். வேறு கை கிழித்துவிட்டால் அந்த வீட்டுக்கு அன்றைக்குப் பொழுது சரியாக விடியாது. சாத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற இந்த வீட்டில் அந்தக் கை காளீஸ்வரியுடையது. கிழிப்பது அவள், அதற்குச் சட்டம் போட்டது அவளுடைய ஓர்ப்படியாள், அதாவது புருஷனுடைய அண்ணன் பொண்டாட்டி சங்கரேஸ்வரி. அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான் தாளைத் தொட வேண்டும். கிழித்ததைக் கசக்கக் கூடாது, திருநீறு மடிக்க ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரப்போகிற தாளைத் தூக்கிப் பார்க்கவே கூடாது. "வர்ற நாளைத் தூக்கிப் பாக்குறதும் குளிக்கிறவள எட்டிப் பாக்குறதும் ஒண்ணுதான்" என்பாள் சங்கரேஸ்வரி. கிழித்த பிறகு புதுத் தாளை வாசித்துச் சொல்ல வேண்டியதும் காளீஸ்வரிதான். சங்கரேஸ்வரிக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது; மூன்றாம் வகுப்பில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறியவள், பள்ளிக்கூட வாசலில் மறுபடி இறங்கவே இல்லை. நல்ல நேரம், ராகு காலம், சூலம், கடைசியாக அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி புத்திமதி. அந்த அடிவரிக்குச் சங்கரேஸ்வரி தினமும் மார்க் போடுவாள். 'கோபமே மனிதனின் முதல் எதிரி' என்று வந்த நாளில், "இதை எழுதுனவன் உங்க மச்சான்கூட ஒரு வாரம் குடித்தனம் பண்ணட்டும், அப்புறம் பேசுவோம்" என்று தன் புருஷனை இழுத்து முட்டை போட்டாள். ஒரு வரிக்கும் இதுவரை பாஸ் மார்க் வந்ததில்லை.

இன்றைக்கு ஆவணி பதினேழு. போன வருஷப் புரட்டாசியில் இருந்து காளீஸ்வரி உள்ளுக்குள் சுமந்துகொண்டு திரியும் தேதி. விழிப்பு வந்ததும் அது ஞாபகம் வரவில்லை, முதலில் தன்ஷியின் கால்தான் வந்தது. ஒன்றாம் வகுப்புப் போகிற பிள்ளை, தூக்கத்தில் கடிகார முள் மாதிரி சுற்றுவாள், எங்கே சுற்றினாலும் விடிகாலையில் கால் அம்மாவின் வயிற்றில்தான் வந்து நிற்கும், சரியாக அந்தத் தழும்பின் மேல், தான் வெளியே வந்த கதவைத் தட்டுகிற மாதிரி. அந்தக் காலின் சூட்டில் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டு கிடந்தாள். என்னமோ ஒன்று இன்றைக்கு. என்ன அது. பால் அட்டையா, பள்ளிக்கூடத்தில் பேரண்ட்ஸ் மீட்டிங்கா, இல்லை, வெள்ளிக்கிழமைதான் மாடியில் பால் காய்ச்சுவது, இன்றைக்குச் செவ்வாய். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு இரண்டு ரூம் கட்டியாயிற்று, வெள்ளியோடு சங்கரேஸ்வரி குடும்பம் மேலே, தனி அடுப்பு, தனிக் குழாய், தனிக் காலண்டர். சண்டையெல்லாம் இல்லை. பிள்ளைகள் வளர்ந்தால் வீடு சுருங்கும், அவ்வளவுதான். காலண்டர் என்ற இடத்தில் மனசு தடுக்கியது. ஆவணி பதினேழு. பிள்ளையின் காலை மெதுவாக எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள். பக்கத்தில் புருஷன் முனீஸ் வாயைத் திறந்து தூங்கினான். போர் மோட்டார் காயில் கட்டுகிறவன், தூக்கத்திலும் விரல் செம்புக் கம்பியைச் சுற்றுகிற மாதிரி அசையும். அவனிடம் போன வருஷமே சொல்லிவிட்டாள், என் வரி ஒண்ணு காலண்டரில் வருது என்று. "அப்படியா, சோத்தை எடுத்து வை" என்றான். நல்ல மனுஷன். அதற்கு மேல் அவனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை, அவனும் பேசவில்லை, அவனுக்கு அது ஞாபகம் இருக்கும் என்று நினைக்க அவளிடம் ஒரு முகாந்திரமும் இல்லை.

இட்லிப் பானையை ஏற்றினாள். தட்டில் துணி விரித்தாள், மாவை ஊற்றினாள், ஒவ்வொரு குழியிலும் மாவு தானாகப் பரவி வட்டமாகி நிற்கிறதை இன்றைக்கு என்னவோ புதுசாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். மூடினாள். சட்டப்படி அடுப்பு பற்றியாயிற்று. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு காலண்டர் முன்னால் போய் நின்றாள், சாமி படத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி, சாமி படமும் அதே காலண்டரில் மேலே இருந்தது, முருகர், கீழே இரும்புக்கடைப் பேர், அதன் கீழே தாள் கட்டு. தை மாசம் தலையணை மாதிரி இருந்த கட்டு இப்போது இளைத்துப்போயிருந்தது. சித்திரையில் ஒருநாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, விரல் நுனியை ஓரத்தில் வைத்து ஆவணி எங்கே வரும் என்று தடவிப் பார்த்தாள். தூக்கவில்லை. தடவினாள், அவ்வளவுதான். ஏழாம் மாசம் வயிற்றைத் தடவி இது தலையா முதுகா என்று பார்க்கிற மாதிரி. தூக்கிப் பார்க்காததுக்குச் சங்கரேஸ்வரி சட்டம் பாதிக் காரணம். மீதிக் காரணம் பயம் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அந்தப் பயத்துக்கு அன்றைக்குப் பேர் வைக்கவில்லை. இப்போது பதினாறைப் பிடித்து இழுத்தாள். 'சர்' என்று வந்தது. சிவப்பில் செவ்வாய், கறுப்பில் பதினேழு. நல்ல நேரம், ராகு காலம் மூன்று முதல் நாலரை, சூலம் வடக்கு, பரிகாரம் பால். கண் படி இறங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி அடிக்கு வந்தது. 'வழி தெரிந்தவரிடம் கேள், வழி கிடைக்கும்.'

அவள் சொன்னது வலி. வலி தெரிந்தவரிடம் கேள். வயிற்று வலி, பல் வலி, அந்த வலி. இங்கே இருப்பது வழி. ரோட்டு வழி, போகிற வழி. வழி தெரிந்தவரிடம் கேட்டால் வழி கிடைக்கும், ஆமாம், கிடைக்கத்தானே செய்யும், சோறு தின்றவனுக்குப் பசி ஆறும், குளித்தவனுக்கு உடம்பு நனையும். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கோயிலுக்கு எந்தப் பஸ் என்று கேட்கிறவனுக்கு இந்த வரி ரொம்ப உதவும். முதலில் சிரிப்புத்தான் வந்தது அவளுக்கு. பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு, மறுபடி வாசித்தாள். எழுத்து மாறவில்லை. மூன்றாவது தடவை வாசித்தால் மாறிவிடும் என்று ஒரு நினைப்பு, தூக்கக் கலக்கம் இன்னும் கண்ணில் இருக்கிறது, ஆவி வேறு சமையல்கட்டில் இருந்து வருகிறது, இந்த 'ழ' ஆவியில் நெளிகிற ஒரு 'ல'வாகக்கூட இருக்கலாம். வாசித்தாள். வழி. யாருக்கும் இதில் பிழை தெரியாது, அதுதான் பிழையிலேயே பெரிய பிழை. எழுத்து விழுந்திருந்தால், கால் முளைத்திருந்தால், படிக்கிறவன் அட, அச்சுப் பிழை என்று சொல்லிவிட்டு உள்ளே இருந்த நல்ல வரியைக் கண்டுபிடித்துக்கொள்வான். இது சுத்தமாக, தலை வாரிப் பொட்டு வைத்து, தப்பாக நிற்கிறது.

எப்படி ஆனது என்று யோசிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சிவகாசியில் ஒரு காலண்டர் ஆபீஸில் வேலை பார்த்தாள். தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி, மேலே தகரம் வைத்து அடிக்கிற வேலை. சாயங்காலத்துக்குள் அத்தனை அத்தனை வருஷங்களை அடுக்கிப் போடுவார்கள், எல்லாம் இன்னும் வராத வருஷம். அடுக்கும்போது அவள் அடிவரிகளை வாசித்துக்கொண்டே அடுக்குவாள், இது தேவலை, இது ஊசிப்போனது என்று சத்தமாகச் சொல்லுவாள், சுற்றி இருக்கிற பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்க இன்னொரு காரணமும் இருந்தது. அவள் ஊர்ப் பக்கம் யாருக்கும் 'ழ' வராது. மழைக்கு மளை, பழத்துக்குப் பளம். வழிக்கு வளி. கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கிற கதிரவன், இவள் வாயைத் திறந்தாலே, "இரு இரு, காளி சொன்னதைத் தமிழ்ல மாத்திக்கிறேன்" என்பான். அப்புறம் போன வருஷம் புரட்டாசியில், கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, அந்த ஆபீஸ் மேஸ்திரி ரத்தினவேல் அண்ணன் போன் போட்டார். இவள் கிரைண்டரை ஓட விட்டுவிட்டு உளுந்து தள்ளிக்கொண்டிருந்தாள். "காளி, ஒரே வரி ரெண்டு தேதிக்கு வந்திருச்சும்மா. ஆவணி பதினேழுக்கு வேற வரி வேணும். பிளேட் போடணும், பையன் உக்காந்திருக்கான். நீதான் அடுக்கும்போதே இது நொட்டை, அது சொள்ளைம்பியே. சட்டுன்னு ஒண்ணு சொல்லு." அவள் யோசிக்கவே இல்லை. உளுந்து நுரைத்துக்கொண்டு வந்தது, வாயிலும் அந்த வரி அப்படியே வந்தது. அண்ணன் அதைத் திரும்பிக் கதிரவனிடம் சொன்னது போனில் கேட்டது. கிரைண்டர் சத்தத்தில் அண்ணன் சொன்னது லவா ளவா தெரியவில்லை. கதிரவன் சிரித்ததும் கேட்டது. அந்தச் சிரிப்பு இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. காளி சொன்னதைத் தமிழில் மாற்றிக்கொண்டான். பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவள் நாக்கு சரியாக 'ல' என்று சொன்னது, அன்றைக்குத்தான் திருத்தினார்கள்.

பானை மூடி லேசாகத் தாளம் போட ஆரம்பித்தது. இன்னும் நேரம் இருக்கிறது. குழாயடியில் சங்கரேஸ்வரியின் குரல் கேட்டது, யாரிடமோ குடத்தை நகர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்துவிடுவாள், வந்ததும் கேட்பாள், இன்னைக்கு என்ன போட்டிருக்கான் என்று. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை மாசம். காளீஸ்வரி தன் மனசுக்குள் அந்தக் காலையை எத்தனை விதமாக நடத்திப் பார்த்திருக்கிறாள். ஒரு விதத்தில் வரியை வாசித்ததும் அக்கா, பரவாயில்லையே என்பாள், அப்போது இவள் உலைக்கு அரிசி போடுகிற மாதிரி சாதாரணமாக, அது நான் சொன்னதுதான்கா என்பாள். இன்னொரு விதத்தில் இவள் சொல்லவே மாட்டாள், அக்காவே கண்டுபிடிப்பாள். அந்த இரண்டாவது விதத்தைத்தான் அடிக்கடி ஓட்டிப் பார்ப்பாள், வெங்காயம் நறுக்கும்போது, பிள்ளைக்குச் சடை போடும்போது. இப்போது எந்த விதத்தை ஓட்டுவது. வழி தெரிந்தவரிடம் கேள் என்று வாசித்துவிட்டு, இது நான் எழுதினது என்று சொல்ல வேண்டுமா. ஆயுசுக்கும் கேலிக்கு ஆகும். வேறு யாரும் வேண்டாம், அக்கா போதும், மாடியில் இருந்து துணி காயப்போடும்போதெல்லாம், "ஏ காளி, ரேஷன் கடைக்கு எந்த வழி? நீதான் வழி தெரிஞ்சவ" என்று கத்துவாள்.

ஆனால் ஏன் இவ்வளவு கனக்கிறது இது, ஒரு வரி, ஐந்து வார்த்தை, பேர்கூட இல்லை. அவள் எழுதாதவளா என்ன. தினம் எழுதுகிறாள். தன்ஷி நோட்டு அட்டைகளில் பேர் எழுதுகிறாள், ஊறுகாய் பாட்டிலில் எலுமிச்சை, நார்த்தை என்று எழுதி ஒட்டுகிறாள், முனீஸுக்கு வாட்ஸ்அப்பில் 'வரும்போது கறிவேப்பிலை, மறக்காமல்' என்று எழுதுகிறாள், அவன் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பிவிட்டு மறந்து வருகிறான். ஆறாம் வகுப்பில் சுற்றுப்புறத் தூய்மைக்கு ஒரு வாசகம் எழுதிச் சோப்பு டப்பா பரிசு வாங்கினாள். அந்த வாசகம் என்ன என்று இன்றைக்குக் கேட்டால் அவளுக்கே தெரியாது, டப்பா ரோஸ் கலர் என்பது மட்டும் தெரியும். அப்படியானால் அச்சில் வருவதாலா இது மட்டும் கனக்கிறது. இருக்கலாம். ஒரே தாள் கட்டுத்தான் எத்தனையோ கடைப் பேருக்குக் கீழே தொங்கும், அது அவளுக்குத் தெரியும், அவள் கையால் அடித்த தகரம் அல்லவா. இந்த நேரம் அந்தச் சுவர்களிலெல்லாம் பதினாறு கிழிகிறது. கண்ணை மூடினால் கேட்கிறது, சர் சர் என்று, ஊர் ஊராக, தூறல் வருகிற மாதிரி. டீக்கடையில் பாய்லர் புகைக்கு நடுவில் ஒரு கை, முடிவெட்டுகிற கடையில் சோப்பு நுரையோடு ஒரு கை, தூத்துக்குடிப் பக்கம் உப்பு ஒட்டிய ஒரு கை, பேங்கில் மோதிரம் போட்ட ஒரு கை. எல்லாக் கையும் கிழித்துவிட்டு, எல்லாக் கண்ணும் ராகு காலத்தைப் பார்த்துவிட்டு, அடியில் இருப்பதை ஒரு எறும்பைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போகும். அவள் கனவில் அந்த எறும்பு நின்று அவர்களைத் திரும்பிப் பார்க்கும். இப்போது அது எறும்புகூட இல்லை. அச்சில் வருவதுதான் பெரிசு என்றால் இதோ அச்சில் வந்திருக்கிறது, பளிச்சென்று வந்திருக்கிறது, பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்கிறதே. ஆஸ்பத்திரியில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லுவார்களே, அந்த மாதிரி. தன் பிள்ளையைத் தனக்குத் தெரியாதா.

ஆஸ்பத்திரி என்றதும் அந்த இரும்புக் கட்டில் வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும், தன்ஷியின் காலைப் போல. வயிற்றைக் கிழித்து எடுத்த மறுநாள். எழுந்து நடக்க வேண்டும், நடந்தால்தான் ஆறும் என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போனார், நல்ல அம்மா, ஆனால் அவருக்கு வார்டு முழுக்கக் கட்டில்கள். அம்மா சொன்னாள், சாமியை நினைச்சுக்கிட்டு எந்திரி. மாமியார் போனில் சொன்னார், தைரியமா எந்திரி. முனீஸ் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான், பிடித்துத் தூக்கவா, தூக்கினால் கிழிந்துவிடுமா என்று அவன் முகம் மோட்டார் எரிந்தவன் முகம் மாதிரி இருந்தது. அவள் தலையைத் தூக்கினாள், வயிற்றில் நெருப்புக் கோடு ஓடியது, படுத்துவிட்டாள். மறுபடி தூக்கினாள், படுத்துவிட்டாள். பிள்ளை பக்கத்துத் தொட்டிலில் கத்துகிறது, எடுக்க முடியவில்லை. அப்போது சங்கரேஸ்வரி தூக்குவாளியோடு வந்தாள். அதுவரைக்கும் அவளும் இவளும் அவ்வளவு பேசினதில்லை, இவள் வேலைக்குப் போய்வந்த திமிர் பிடித்தவள் என்று அவளுக்கும், அவள் வாய் நீளம் என்று இவளுக்கும் ஒரு நினைப்பு. தூக்குவாளியைக் கீழே வைத்தாள், எல்லாரையும் நகரச் சொன்னாள். "மல்லாந்து எந்திரிக்காத. ஒருக்களிச்சுத் திரும்பு. திரும்பிட்டியா. முட்டியை மடக்கு. ரெண்டு காலையும் சேத்துக் கட்டிலுக்குக் கீழ தொங்கப் போடு, அது தொங்குறப்பவே முழங்கையை ஊனு. உன்னைய நீ தூக்காத, காலோட கனம் தூக்கும்." தூக்கியது. அவள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, பிள்ளையை வாங்கி, பால் கொடுக்கும்போது, சங்கரேஸ்வரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள், "மதன் பொறந்தப்ப எனக்கும் கிழிச்சாங்கள்ல. எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்ல. நானாத்தான் உருண்டு உருண்டு கண்டுபிடிச்சேன்." அவ்வளவுதான். அப்புறம் ரசம் ஆறுகிறது என்று அதட்டினாள்.

அந்த ரசம், அந்த ஜன்னல், அந்த 'எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்ல'. அது எல்லாம் சேர்ந்துதான் ஐந்து வார்த்தையாகி, எத்தனையோ வருஷம் கழித்து, உளுந்து நுரையோடு வெளியே வந்தது. அப்படியானால் அது என் வரியா. சொன்னது அக்கா. பட்டது அக்கா. நான் என்ன செய்தேன், ஒரு 'கேளு'ம் ஒரு 'கிடைக்கும்'மும் சேர்த்தேன். என்னுடையது என்று நான் ஒரு வருஷமாக மடியில் கட்டிக்கொண்டு திரிவது அக்கா வீட்டு வெண்கலமா. ஒருவேளை அதனால்தான் சாமி எழுத்தை மாற்றிவிட்டதோ, உன்னுடையது இல்லாததை நீ ஏன் சுமக்கிறாய் என்று. சே, சாமிக்கு வேறு வேலை இல்லையா, கதிரவன்தான் மாற்றினான். பள்ளிக்கூடத்தில் ஜெயமேரி டீச்சர் ஞாபகத்துக்கு வந்தாள், 'ழ' சொல்லித் தருகிறபோது, நாக்கு மேலே போகணும், ஆனா தொடக்கூடாது, தொடாமத் திரும்பி வந்திரணும் என்பாள். இந்த 'ழ'வும் அப்படித்தான், மேலே போய் ஒன்றையும் தொடாமல் திரும்பி வந்துவிட்டது. 'ல' அப்படி இல்லை. 'ல'வுக்கு நாக்கு போய்த் தொடும். வ, லி. சொல்லிப் பார்த்தாள். தொட்டது. தொட்ட இடத்தில் அக்கா இருந்தாள். ஆக இந்த வரி பெரிசாகத் தெரிந்தது அச்சால் இல்லை, பேரால் இல்லை, புத்தியால் இல்லை, இதற்கு ஒரு முகம் இருந்தது, போய்ச் சேர ஒரு வாசல் இருந்தது, மற்ற கைகளெல்லாம் சும்மா கூட்டத்துக்கு வந்தவர்கள், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்கள், பொண்ணு ஒருத்திதான். அந்த ஒருத்திக்கோ எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரியாதவளுக்கு 'ழ' என்ன, 'ல' என்ன. இந்த நினைப்பு வந்ததும் காளீஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள், நெற்றியில் வேர்வை ஒரு சொட்டு இறங்குவதைக்கூடத் துடைக்காமல். வாசிக்கிறது நான்தானே.

"காளி, இட்லி கல்லாகப் போகுது, ஆவி வாசல் வரைக்கும் வருது" என்று சொல்லிக்கொண்டே சங்கரேஸ்வரி உள்ளே வந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம், சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. இவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். இட்லி நன்றாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம் கூடிப்போயிருக்கும்.

"தாளைக் கிழிச்சிட்டியா?"

"கிழிச்சிட்டேன்கா."

"அப்புறம் ஏன் முழிக்கிற? ராகு காலம் நாள் முழுக்கப் போட்டுட்டானா?"

"மூணுல இருந்து நாலரை. சூலம் வடக்கு."

"வடக்க யாரு போறா. நான் மாடிக்குத்தான் போறேன்." குடத்தை இறக்கி வைத்தாள். இறக்கும்போது, எப்போதும் போல, ஒரு பக்கமாகத் திரும்பித்தான் இறக்கினாள். எத்தனை வருஷமானாலும் வயிறு மறக்கவில்லை. "சரி, அடியில என்ன போட்டிருக்கான்? இன்னைக்கு எவன் என்ன சொல்லுறான்?"

காளீஸ்வரி காலண்டர் பக்கம் திரும்பினாள். விரலை அடிவரியில் வைத்தாள், பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற பிள்ளை மாதிரி. விரலுக்குக் கீழே 'ழ' இருந்தது. விரல் அதை மறைத்துவிட்டது.

"வலி தெரிந்தவரிடம் கேள். வழி கிடைக்கும்."

சங்கரேஸ்வரி சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த கை அப்படியே நின்றது.

"என்ன வலி?"

"வலிதான்கா. வலிக்குமே, அந்த வலி."

"வலி தெரிஞ்சவங்ககிட்ட." மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். மார்க் போடவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள். இவளுக்கு அந்தப் பார்வை தெரியும், அந்த இரும்புக் கட்டிலில் இருந்து பார்த்தது. "யாரு எழுதுனதாம்?"

"பேரு போட மாட்டாங்கக்கா."

"பொம்பளையாத்தான் இருக்கும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஆம்பளையா இருந்தா வழி தெரிஞ்சவன்கிட்டக் கேளும்பான். அவனுக்கு ரோடுதான தெரியும்." சொல்லிவிட்டுச் சேலையை உதறினாள், தண்ணீர் இவள் முகத்தில் தெறித்தது. "வயித்தைக் கிழிச்சவ எவளோ எழுதியிருக்கா. நல்லாயிருப்பா."

காளீஸ்வரி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. தெறித்த தண்ணீர் வசதியாகப் போயிற்று, எல்லாவற்றையும் சேர்த்து முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நான்தான்கா என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தொடாமல் திரும்பிப் போய்விட்டது. போகட்டும். அக்கா கண்டுபிடித்தாயிற்று, ஊரையும் பேரையும்தான் கண்டுபிடிக்கவில்லை, அதில் என்ன இருக்கிறது. உள்ளே ஒரு இடம் லேசாகி, தூக்கத்தில் மிதக்கிற மாதிரி ஆனது. காலோட கனம் தூக்கும் என்றாளே, அந்த மாதிரி ஏதோ ஒன்று தொங்கிக்கொடுக்க, இவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தா, இதைக் கேளு" என்றாள் சங்கரேஸ்வரி, இட்லித் தட்டை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டே. "நாளைக்குக் கிழிச்சதும் அந்தத் தாளைத் திருநீறு மடிக்க எடுத்திராத. எனக்கு வேணும். மாடியில சாமி படத்துக்குப் பின்னால சொருகி வைக்கிறேன். மதனை வாசிக்கச் சொல்லிக் கேக்கணும். உங்க மச்சானும் ஒருக்காக் கேக்கட்டும், காதுல விழுதான்னு பாப்போம்."

மதன் பத்தாம் வகுப்பு. ஒரு எழுத்து விடாமல் வாசிப்பான். போட்டிருப்பதைத்தான் வாசிப்பான்.

காளீஸ்வரி தாளைப் பார்த்தாள். அந்த முதல் வார்த்தையில் 'ழ' வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அச்சில், கறுப்பாக, கதிரவன் வைத்தபடி. எத்தனையோ சுவர்களில் அது அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். இந்தச் சுவரில் முடியாது. தன்ஷி எழுந்து, ஒரு பக்கச் சடை அவிழ்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசல்படியில் வந்து நின்றாள். பள்ளிக்கூடப் பை அவள் காலடியில் கிடந்தது.

"தன்ஷி, பையில இருந்து உன் பென்சிலைக் கொஞ்சம் எடுத்து அம்மாவுக்குக் குடு."